ஓட்டப் பயிற்சியும் இல்லறப் பொழுதும்

'ஓடு' என்னும் பகுதியினின்று பிறந்த சொற்கள் தமிழில் மிகப் பல. நீர் ஓடுகின்றது, காலம் ஓடுகின்றது, நெஞ்சில் நினைவு ஓடுகின்றது. இவையெல்லாம் தன்வினை. அப்பகுதியே 'ஓட்டு' எனப் பிறவினையாகுங்கால் ஏரோட்டுதல், தேரோட்டுதல், வண்டியோட்டுதல் ஆகியவை தோன்றும். ஆயினும் நம் இல்லங்களில் நாடோறும் கேட்கப்படும் பிறவினை வழக்கு வேறொன்றுண்டு. 'இந்தச் சம்பளத்தில் குடும்பத்தை எப்படி ஓட்டுவது?' என்று தாய்மார் வினவும் வினாவில் அஃது அமைந்துள்ளது. ஒருவர் தாமே ஓடுதல் தன்வினை. பிறர்பொருட்டுக் குடும்பத்தை ஓட்டுதல் பிறவினை. ஒரே நாளில் இவ்விரு வினைக்கும் ஒருவரே எழுவாயாக நிற்றல் கூடுமோ என்பதே இக்கட்டுரை ஆராயப் புகுந்த பொருளாகும்.

இவ்வினா வீண் வினா அன்று. பள்ளி நாளில் மாவட்ட அளவில் ஓடிப் பரிசு பெற்ற மாணவியர் எத்துணையோ பேர், திருமணம் ஆனவுடன் ஓட்டத்தை மறந்துவிடுகின்றனர். பெற்ற கோப்பை மட்டும் பிறந்த வீட்டு அலமாரியில் நிற்கின்றது. ஆடவரும் உத்தியோகம் ஏற்றபின் பெரும்பாலும் அவ்வாறே. 'ஓடுவதற்கு ஏது நேரம்?' என்பது இவர்தம் விடை. இதற்கு மாறாக, நெடுந்தூர ஓட்டமே உயிரென்று கொண்டு, வீட்டில் உள்ளார் முகத்தை ஏறிட்டும் பாராத சிலரும் உளர். முன்னவர் ஓட்டத்தை இழந்தார். பின்னவர் இல்லத்தை இழந்தார். இரண்டும் இழப்பே. இவ்விரண்டிற்கும் இடையே ஒரு நெறி உண்டென்று காட்டுதல் நம் கருத்து.

இரண்டு ஊர்களின் இயல்பு

விழுப்புரமும் திண்டிவனமும் வழிகளால் வளர்ந்த ஊர்கள். சென்னை, திருச்சிராப்பள்ளி, மயிலாடுதுறை, புதுச்சேரி, காட்பாடி ஆகிய ஊர்களினின்று வரும் இருப்புப்பாதைகள் விழுப்புரம் சந்திப்பில் கூடுகின்றன. திண்டிவனத்திலோ, சென்னையினின்று திருச்சிக்குச் செல்லும் நெடுஞ்சாலையிலிருந்து புதுச்சேரிக்கு ஒரு சாலையும், செஞ்சி திருவண்ணாமலை வழியாகக் கிருட்டினகிரிக்கு ஒரு சாலையும் பிரிகின்றன. இவ்விரண்டு ஊர்களுக்கும் இடைப்பட்ட தூரம் ஏறக்குறைய 40 கிலோமீட்டர். மாரத்தான் என வழங்கும் நெடுந்தூர ஓட்டத்தின் அளவு 42.195 கிலோமீட்டர், அஃதாவது 26 மைல் 385 கெஜம். ஆகவே திண்டிவனத்தில் புறப்பட்டு விழுப்புரம் அடைந்து ஊரினுள்ளும் சிறிது தூரம் ஓடினால் ஒரு மாரத்தான் நிறைவுறும். பஸ்ஸில் உறங்கியபடியே கடக்கும் தூரத்தைக் காலால் கடப்பது எத்துணைப் பெரிய காரியம் என்பதை இவ்வூரார் இவ்வளவினாலேயே உணரலாம்.

இவ்வழிகளின் பழைமையும் நோக்கத்தக்கது. சிறுபாணாற்றுப்படையின் தலைவனாகிய நல்லியக்கோடனுக்கு உரியதாயிருந்த கிடங்கில் இன்று திண்டிவனத்தின் ஒரு பகுதியாக விளங்குகின்றது. அந்நூல் ஒரு வழிநடை நூல். வீட்டில் அடுப்பு எரியாத வறுமையே பாணனை வழிப்படுத்துகின்றது. அவன் தனியனாய் விரையவில்லை. விறலியும் சுற்றமும் உடன் வரச் செல்கின்றான். நெய்தலிலும் முல்லையிலும் மருதத்திலும் அவ்வந்நிலத்து மக்கள் இடும் உணவை உண்டு இளைப்பாறிச் செல்லுமாறு வழி கூறப்படுகின்றது. அடைய வேண்டிய குறிக்கோள், உடன் வரும் சுற்றம், வழியிடைக் கிடைக்கும் எளிய இன்பம் ஆகிய மூன்றும் ஒரு பயணத்துள் முரணின்றி அடங்கி நிற்பதை அங்கே காண்கின்றோம். நாம் ஆராயும் வினாவிற்கும் இம்மூன்றே உறுப்புகள்.

இன்றைய வாழ்க்கையோ எளிதன்று. இவ்விரண்டு ஊர்களிலும் பொழுது விடியுமுன்னரே மக்கள் இயங்கத் தொடங்குகின்றனர். சென்னைக்கும் புதுச்சேரிக்கும் வேலைக்குச் செல்வோர் விடியற்கால வண்டியைப் பிடிக்க வேண்டும். பால் கறந்து சங்கத்தில் ஊற்ற வேண்டும். நெல், கரும்பு, மல்லாட்டை என்று பயிரிடுவோர்க்கு நீர் பாய்ச்சும் முறை வந்தால் இரவும் பகலாகும். பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்பும் பெண்டிர்க்குக் காலை ஆறு மணிமுதல் எட்டு மணிவரை இமைக்கவும் பொழுதில்லை. இத்தகைய வீட்டில் ஒருவர், 'யான் 10 கிலோமீட்டர் ஓடப் பழகப் போகின்றேன்' என்றால், ஏனையோர் நகைத்தல் இயல்பே.

உடல் வேண்டுவது யாது?

நகைப்போர்க்கு விடை கூறுமுன், ஓட்டப் பயிற்சிக்கு உண்மையில் எவ்வளவு காலம் வேண்டும் என்பதை அளந்தறிதல் நன்று. அறியாமையால் அதனை மிகப் பெரிதாகவோ மிகச் சிறிதாகவோ கருதுவோரே பலர்.

ஓடப் பழகுவோர் உடலில் நிகழும் மாறுதல்கள் சில. இதயம் ஒவ்வொரு துடிப்பிலும் முன்னையினும் மிகுதியான குருதியைச் செலுத்துகின்றது. தசைகளின் ஊடே நுண்ணிய குருதிக்குழாய்கள் பெருகுகின்றன. தசையின் உயிரணுக்களுள் ஆற்றலை விளைக்கும் நுண்ணுறுப்புகளும் மிகுகின்றன. இம்மாறுதல்களிற் பெரும்பங்கு, உடன் ஓடுவாரோடு பேசிக்கொண்டே ஓடக்கூடிய மெதுவான ஓட்டத்தினாலேயே கைகூடும். மூச்சு முட்ட ஓடுதல் சிறிதளவே வேண்டுவது. தசையும் இதயமும் சில வாரங்களிலேயே பழகிவிடும். எலும்பும் தசைநாரும் அத்துணை விரைவாகப் பழகா. ஆதலின் தூரத்தைச் சிறிது சிறிதாகவே கூட்டல் வேண்டும். அவசரப்பட்டுக் கூட்டுவோர் முழங்காலிலும் கணைக்காலிலும் நோவு கண்டு நின்றுவிடுகின்றனர்.

இன்னொன்றும் இங்கே கருதத்தக்கது. வலிமை ஓடும்போது வளர்வதில்லை. ஓடியபின் ஓய்ந்திருக்கும்போதும் உறங்கும்போதுமே வளர்கின்றது. நிலத்தை உழும்போதே பயிர் முளைப்பதில்லை அன்றோ? ஆகவே பிள்ளைகளோடு உட்கார்ந்து உண்ணும் மாலைப்பொழுதும், அவர்களுக்குக் கதை சொல்லி உறங்கச் செய்து தாமும் உறங்கும் இரவும் பயிற்சிக்குப் பகையல்ல. பயிற்சியின் பாதியே ஆகும்.

இனிக் கணக்கிடுவோம். உலகச் சுகாதார நிறுவனம் 2020 ஆம் ஆண்டில் வெளியிட்ட நெறிமுறையின்படி, வயது வந்தோர் நலமாய் வாழ வாரத்திற்கு 150 முதல் 300 நிமிடம் வரை மிதமான உடலுழைப்போ, 75 முதல் 150 நிமிடம் வரை கடுமையான உழைப்போ போதும். 10 கிலோமீட்டர் ஓட விரும்பும் ஒருவர் வாரத்தில் மூன்று நாள் நாற்பது நிமிடமும், ஒரு நாள் ஒரு மணி நேரமும் ஓடினால், மொத்தம் 180 நிமிடம், அஃதாவது மூன்று மணி நேரம். வாரத்திற்கு 168 மணி நேரம் உண்டு. அவற்றுள் மூன்றை ஈதல் எந்த இல்லத்தையும் வறுமைப்படுத்தாது.

மாரத்தானுக்கோ இக்கணக்குப் பொருந்தாது. அதற்கு வாரம் ஐந்து மணிக்குக் குறையாத பயிற்சி வேண்டும். ஒரே மூச்சில் மூன்று மணி நேரம்வரை ஓடும் நாள்களும் சில வேண்டும். அந்நாள்களில் ஓட்டம் முடிந்தபின்னும் உடல் சோர்ந்து கிடக்கும். ஓடிய மூன்று மணியைமட்டும் கணக்கிட்டு, சோர்ந்து கிடந்த பிற்பகலை விட்டுவிடுவது பொய்க் கணக்காகும். அப்பிற்பகலில் தண்ணீர் எடுத்தவர் யார், துணி துவைத்தவர் யார் என்று கேட்டால் உண்மை விளங்கும். ஆதலின் கைக்குழந்தை உள்ள வீட்டிற்கு 10 கிலோமீட்டரே தக்க குறிக்கோள். பிள்ளைகள் வளர்ந்தபின் பெரிய குறிக்கோளைக் கொள்ளலாம். குறிக்கோளின் அளவை இல்லத்தின் அளவு நோக்கி வகுத்தலே முதல் விதி.

சில நாள் பயிற்சி தடைப்பட்டால் எல்லாம் பாழாயிற்று என்று அஞ்சுவோரும் உளர். அவ்வச்சம் வேண்டா. வாரத்தில் ஆறு நாள் பயின்று வலிமை பெற்ற ஒருவர் இரண்டு நாளாகக் குறைத்துக்கொண்டாலும், அவ்விரண்டு நாளிலும் வேகத்தைக் குறைக்காதிருப்பாராயின், பெற்ற மூச்சுவலிமை பல வாரங்கள்வரை பெரிதும் குன்றாது என்பது ஆராய்ந்து கண்ட உண்மை. அறுவடை மாதத்திலும் திருமண மாதத்திலும் தேர்வு மாதத்திலும் இவ்வுண்மை நமக்குப் பெருந்துணையாம்.

இருவினையும் ஆற்றியோர்

உலகப் புகழ் பெற்ற ஓட்டக்காரருள்ளும் இருவினைக்கும் எழுவாயாய் நின்றோர் சிலர் உளர்.

ஹாலந்து தேசத்து பானி பிளாங்கர்ஸ்-கோயன் அம்மையார் 1936 ஆம் ஆண்டு பெர்லின் ஒலிம்பிக்கிற் கலந்துகொண்டார். உலகப் போரினால் அதன்பின் இருமுறை ஒலிம்பிக் நடைபெறவில்லை. 1948 இல் இலண்டனில் மீண்டும் நடைபெற்றபோது அவருக்கு வயது 30. இரு குழந்தைகட்குத் தாய். 'வீட்டிலிருந்து பிள்ளைகளைப் பேணுதலே இவர்க்குத் தக்கது' என்று குறைகூறியோர் பலர். அம்மையாரோ தம் பிள்ளைகளையும் பயிற்சிக் களத்திற்கு உடன் கொண்டு சென்று பழகியவர். இலண்டனில் போட்டிகளின் இடையே பிள்ளைகளின் நினைவு மேலிட்டு அழுது, ஊர் திரும்பிவிட எண்ணினார். கணவர் தேற்றியபின்னரே தொடர்ந்து ஓடினார். 100 மீட்டர், 200 மீட்டர், 80 மீட்டர் தடையோட்டம், தொடரோட்டம் ஆகிய நான்கிலும் பொற்பதக்கம் அவர்க்கே கிடைத்தது. நான்கு பொற்பதக்கம் பெறும் வலிமை உடையார்க்கும் பிள்ளைகளின் பிரிவு கண்ணீர் வருவித்தது என்பதை நாம் மறத்தலாகாது. இருவினை ஆற்றுவோர்க்கு வருத்தம் இல்லையென்று கூறுவோர் உண்மை கூறாதவர்.

ரோஜர் பானிஸ்டர் 1954 ஆம் ஆண்டு மே மாதம் 6 ஆம் நாள் ஆக்ஸ்போர்டில் ஒரு மைல் தூரத்தை 3 நிமிடம் 59.4 வினாடியில் ஓடி, நான்கு நிமிட எல்லையை முதன்முதலிற் கடந்தார். அப்போது அவர் இலண்டனில் மருத்துவம் பயிலும் மாணவர். மருத்துவமனையில் நண்பகல் உணவிற்கென விடும் சிறிது நேரத்திலேயே பெரும்பாலும் பயின்றார். அவ்வாண்டின் இறுதியிலேயே போட்டிகளை விடுத்து மருத்துவத் தொழிலில் முழுதும் ஈடுபட்டு, நரம்பு நோய் மருத்துவராய்ச் சிறந்தார்.

நம் காலத்தவராகிய ஜப்பானியர் யூக்கி கவாவுச்சி ஒரு பள்ளி அலுவலகத்தில் முழுநேர ஊழியர். அந்நாட்டில் நிறுவனங்களைச் சார்ந்த ஓட்டக்காரர் நாளைக்கு இருமுறை பயில, இவர் வேலைக்குச் செல்லுமுன் ஒருமுறையே பயின்றார். அவ்வாறு பயின்றே 2018 ஆம் ஆண்டு குளிரும் மழையும் காற்றும் ஒருங்கே தாக்கிய பாஸ்டன் மாரத்தானில் 2 மணி 15 நிமிடம் 58 வினாடியில் ஓடி முதல்வரானார். அடுத்த ஆண்டே அவர் வேலையை விட்டு ஓட்டத்தையே தொழிலாகக் கொண்டார் எனினும், வெற்றி பெற்றபோது அவர் அரசாங்க ஊழியரே.

நம் அண்டை மாநிலமாகிய கேரளத்துப் பய்யோலி பி. டி. உஷா 1984 ஆம் ஆண்டு லாஸ் ஏஞ்சலிஸில் 400 மீட்டர் தடையோட்டத்தில் ஒரு வினாடியின் நூற்றிலொரு பங்கில் பதக்கத்தை இழந்ததை யாவரும் அறிவர். 1991 இல் மணம் புரிந்து, மகனைப் பெற்று, மீண்டும் களம் புகுந்து, 1998 இல் ஜப்பானின் புக்குவோக்காவில் நடந்த ஆசியப் போட்டியில் வெண்கலப் பதக்கங்கள் பெற்றதை அறிந்தோர் சிலரே. தாய்மை ஓட்டத்தின் முடிவன்று என்பதற்கு இந்நாட்டிலேயே சான்று உண்டு.

குடும்பத்தின் பொருட்டே ஓடியவரும் உளர். மகாராட்டிரத்துப் பாராமதியில் லதா கரே என்னும் முதிய பெண்மணி, நோயுற்ற கணவரின் மருத்துவச் செலவிற்குப் பரிசுப் பணம் வேண்டி, புடைவையுடன் வெறுங்காலோடு ஓடி முதற்பரிசு பெற்றார். அங்கே தன்வினையும் பிறவினையும் ஒன்றாயின.

பொழுது என்னும் முதற்பொருள்

இச்சான்றுகளினின்று நாம் கொள்ளும் நெறி யாது? பலர் இதனைத் தராசிற்கு ஒப்பிடுவர். ஒரு தட்டில் ஓட்டம், மறு தட்டில் இல்லம். ஒன்றில் இட்டது மற்றொன்றிற் குறையும் என்பது அவர் கொள்கை. நமக்கு அவ்வுவமை பொருந்துவதாகத் தோன்றவில்லை. தராசில் இரண்டு தட்டுகளும் என்றும் ஒன்றோடொன்று பகைத்தே நிற்கும். தமிழ் பயில்வார்க்கு இதனினும் நல்ல உவமை தம் இலக்கணத்திலேயே உண்டு.

தொல்காப்பியர் அகவொழுக்கத்தை வகுக்குமிடத்து நிலத்தையும் பொழுதையும் முதற்பொருள் என்றார். ஒவ்வோர் ஒழுக்கத்திற்கும் உரிய பொழுது உண்டு. பெரும்பொழுது ஆறு, சிறுபொழுதும் உண்டு. முல்லைக்குக் காரும் மாலையும், குறிஞ்சிக்குக் கூதிரும் யாமமும் உரியன. ஒழுக்கங்கள் ஒன்றையொன்று எடைபோட்டு வெல்ல முயல்வதில்லை. தத்தம் பொழுதில் சிறக்கின்றன. ஓட்டத்தையும் இல்லறத்தையும் இவ்வாறே கொள்ளலாம்.

முதலிற் சிறுபொழுது. நம் பக்கத்து வெயிலில் ஓட்டத்திற்கு உரிய பொழுது வைகறையே. பகலின் வெப்பத்தில் உடல் வெப்பத்தை எளிதில் வெளிவிட முடியாமல் இதயம் மிகுதியாக உழைக்க நேரும். வைகறையிலோ காற்றுத் தண்ணியது. நெடுஞ்சாலையை விடுத்து ஏரிக்கரையிலோ பள்ளி விளையாட்டிடத்திலோ ஓடினால் வண்டிகளின் தொல்லையும் இல்லை. வீட்டார் உறங்கும் பொழுதாதலின் அவர்க்கும் இழப்பில்லை. ஆனால் வைகறையில் எழுவோர் முன்னிரவிலேயே உறங்க வேண்டும். பதினொரு மணிவரை கைப்பேசியை நோக்கியிருந்து நாலரை மணிக்கு எழுவோர் ஓட்டத்தின் பயனையும் உறக்கத்தின் பயனையும் ஒருசேர இழப்பர். காலை மணி ஆறு அடித்தால் ஓட்டத்தின் பொழுது முடிந்தது. அதன்பின் அது இல்லத்தின் பொழுது. அப்போது கையில் வாளியோ கரண்டியோ பிள்ளையின் சீப்போ இருத்தல் வேண்டுமேயன்றி, ஓடிய தூரத்தைக் கணக்கிடும் கருவி இருத்தலாகாது.

அடுத்துப் பெரும்பொழுது. இளவேனிலும் முதுவேனிலும் நெடுந்தூரத்திற்கு ஏலா. அப்பருவங்களில் வாரம் இரண்டு நாள் சிறிது ஓடி வலிமையைக் காத்தல் போதும். காரிலே பயிற்சியைத் தொடங்கி, கூதிரின் மழைநாள்களில் இடையிட்டு ஓடி, முன்பனியிற் குறிக்கோளை நோக்கிக் கூட்டலாம். பிப்ரவரி மாதம் இவ்வட்டாரத்தில் ஓடுவதற்குச் சிறந்த மாதம். ஆண்டு முழுவதும் ஒரே கடுமையோடு ஓட முயல்வோர் உடலையும் வீட்டாரின் பொறுமையையும் ஒருங்கே தேய்ப்பர்.

மூன்றாவது, மயக்கம். ஒரு திணைக்குரிய பொழுது பிறிதொன்றனோடு கலத்தலையும் இலக்கணம் விலக்கவில்லை. நாமும் சில நாள் இரண்டையும் கலக்கலாம். சனிக்கிழமை மாலை தாய் ஓட, மகன் சைக்கிளில் உடன் வரலாம். பக்கத்துச் சிற்றூரிலுள்ள பாட்டியார் வீட்டிற்கு மற்றவர் பஸ்ஸில் செல்ல, ஓடுபவர் முன்னரே புறப்பட்டு ஓடிச் சேரலாம். அன்று அவர் ஓடியதும் உறவினரைக் கண்டதும் ஒரே பொழுதாகும்.

ஒரு வீட்டின் செய்தி

நூலறிவாற் கூறியவற்றை வீட்டிற் கண்ட செய்தியொன்றால் விளக்குதல் தகும். என் தமக்கையார் பள்ளி நாளில் 1500 மீட்டர் ஓட்டத்திற் பரிசு பெற்றவர். மணமாகித் திண்டிவனத்தில் வாழ்கின்றார், தொடக்கப்பள்ளி ஆசிரியை. அவர் கணவர் விழுப்புரம் சந்திப்பில் முறைவைத்து வேலை செய்யும் ரயில்வே ஊழியர். இளைய குழந்தைக்கு ஒரு வயது நிரம்பியபின், பிப்ரவரியில் ஆரோவில்லில் நடைபெறும் ஓட்டத்தில் 10 கிலோமீட்டர் ஓட வேண்டுமென்று தமக்கையார் விரும்பினார்.

மாமியார் இசையவில்லை. "பொழுது விடியுமுன் பெண்பிள்ளை தெருவில் ஓடினால் நாலு பேர் என்னம்மா நினைப்பார்கள்? கைக்குழந்தை வேறு இருக்கிறதே" என்றார். தமக்கையார், "நாலு பேர் எழுவதற்குள் திரும்பிவிடுகிறேன், அத்தை. குழந்தை விழித்தால் மட்டும் சற்றுப் பார்த்துக்கொள்ளுங்கள்" என்று பணிவோடு சொன்னார். கணவர், தாம் இரவுப்பணி செய்யும் வாரத்தில் இரண்டு நாளும், பகற்பணி செய்யும் வாரத்தில் நான்கு நாளும் ஓடலாம் என்று வகுத்தளித்தார். ஓட்டநாள் ஞாயிறாதலின் அன்று மாலை ஆராதனைக்குச் செல்வதென்றும் முடிவாயிற்று. ஆவணியில் தொடங்கிய பயிற்சி தைவரை நடைபெற்றது. முதலில் இரண்டு கிலோமீட்டருக்கு மூச்சு வாங்கியவர் ஒன்பது கிலோமீட்டர் ஓடும் வலிமை பெற்றார்.

ஓட்டத்திற்கு மூன்று நாள் முன்னர்க் குழந்தைக்குக் கடுங்காய்ச்சல் கண்டது. முதலில் மறுத்த மாமியாரே, "இத்தனை மாதம் பாடுபட்டாய், நான் குழந்தையைப் பார்த்துக்கொள்கிறேன், போய் ஓடிவிட்டு வா" என்றார். தமக்கையார் செல்லவில்லை. "ஓட்டம் அடுத்த ஆண்டும் வரும், அத்தை" என்று கூறிக் குழந்தையின் அருகிலேயே இருந்தார். அவ்விரவு அவர் சற்றே அழுததை யாம் அறிவோம். காய்ச்சல் தணிந்து நான்கு நாள் கழிந்தபின், வைகறையில் அவரை எழுப்பி, "நேரமாயிற்றம்மா" என்றவர் மாமியாரே.

கட்டிய கட்டணம் போயிற்று. ஓடியதற்கு அடையாளமான பதக்கமும் இல்லை. அவ்வாறாயின் அவ்வாறு மாதப் பயிற்சி வீணோ? அன்று. உடல் வலிமை பெற்றது. இரவு உறக்கம் நன்றாயிற்று. பள்ளியிலும் வீட்டிலும் பொறுமை மிகுந்தது என்று அவரே கூறுகின்றார். அதனினும் பெரிய பயன் ஒன்றுண்டு. அவ்வீட்டில் அவருடைய வைகறை அவருக்கே உரியது என்பதை யாவரும் ஒப்புக்கொண்டனர். கேட்டு வாங்கிய பொழுதாதலின் தமக்கையார் அதனைப் போற்றினார்; வேண்டும்போது அதனை அவரே விட்டுக்கொடுத்தமையால் வீட்டாரும் அதனைப் போற்றினர். இம்முறையும் அவர் பயின்று வருகின்றார்.

எல்லையும் எளிய இன்பமும்

குறிக்கோள் கொள்வார்க்கு எல்லையும் வேண்டும். எரிக் லிடெல் என்னும் ஸ்காட்லாந்து வீரர் 1924 ஆம் ஆண்டு பாரிஸ் ஒலிம்பிக்கில் 100 மீட்டர் ஓட்டத்தின் முதற்சுற்று ஞாயிற்றுக்கிழமை நடைபெற்றமையால் அதனில் ஓட மறுத்தார். வேறு நாளில் நடந்த 400 மீட்டர் ஓட்டத்தை 47.6 வினாடியில் ஓடிப் பொற்பதக்கம் பெற்றார். அடுத்த ஆண்டே சீனத்திற்குச் சென்று ஆசிரியராகவும் மிஷனெரியாகவும் தொண்டாற்றி, 1945 இல் ஜப்பானியர் அமைத்த காவல் முகாமில் உயிர்நீத்தார். ஞாயிற்றைப் பற்றி அவர் கொண்ட கொள்கையை யாவரும் ஏற்க வேண்டுவதில்லை. ஆயின், 'வெற்றிக்காகவும் இதனை விடேன்' என்று சொல்லத்தக்க ஒன்று ஒவ்வொருவர்க்கும் இருத்தல் வேண்டும் என்பதை அவரிடம் கற்கலாம். சிலர்க்கு அது பிள்ளையின் உடல்நலம். சிலர்க்கு முதிய பெற்றோரின் உணவு வேளை. அவ்வெல்லையை முன்னரே வரைந்துகொண்டவர், நெருக்கடி வந்தபோது தடுமாறார்.

எளிய இன்பங்களைப் பற்றியும் சில கூறுவோம். ஓட்டத்தைக் கணக்காக மட்டும் கொள்வோர் இவற்றைக் காணார். மார்கழி வைகறையில் ஓடுவார்க்கு, பனி மூடிய ஏரியும், கோலமிடும் பெண்டிரும், தொலைவில் ஊதிச் செல்லும் வண்டியும், பனைமரங்களின் பின்னே சிவந்தெழும் கதிரும் காட்சியளிக்கும். கோடையிலே ஓடித் திரும்பும் வழியில் நுங்கு வெட்டுவோன் நிற்பான். அறுவடைக் காலத்தில் வீட்டினர் திண்ணையில் அமர்ந்து வேகவைத்த மல்லாட்டையை உரித்துண்ணும்போது, ஓடிப் பசித்தவர்க்கு அதன் சுவை இருமடங்காகும். சூடான காப்பி ஒரு டம்ளர், தண்ணீர்க் குளியல், பிள்ளையின் மழலை ஆகிய இவற்றுக்கு விலையில்லை. ஓட்டம் இவ்வின்பங்களை மிகுவிக்குமாயின் அது நல்ல ஓட்டம். இவற்றைச் சுவைக்கப் பொழுதில்லாமற் செய்யுமாயின் அதன் அளவைக் குறைத்தல் வேண்டும். இதுவே எளிதிற் சோதித்தறியும் அளவுகோல்.

மேற்கூறிய ஆரோவில் ஓட்டமும் இக்கருத்தையே விளக்குகின்றது. விழுப்புரம் மாவட்டத்து வானூர் வட்டத்தில், 1968 இல் ஆரோவில் தோன்றியபோது வெறுஞ்செம்மண் மேடாயிருந்த நிலத்தில், பின்னர் மரங்கள் நட்டு வளர்க்கப்பட்டன. அம்மரங்களின் ஊடே செல்லும் செம்மண் வழிகளில் 2008 ஆம் ஆண்டு மாரத்தான் தொடங்கப்பெற்றது. மாரத்தான், பாதி மாரத்தான், 10 கிலோமீட்டர் என மூன்று தூரங்கள் அங்கே உண்டு. முதற்பரிசு, இரண்டாம் பரிசு என்னும் போட்டிமுறை இல்லை. ஓடுதலால் வரும் மகிழ்ச்சியே நோக்கமாகக் கொள்ளப்பட்டது. பிறரை வெல்வதற்கன்றித் தாம் மகிழ்வதற்கு ஓடும் ஓட்டம், நம் இரண்டு ஊர்களுக்கும் அண்மையிலேயே இருத்தல் நம் நற்பேறு.

முடிவுரை

இதுகாறும் கூறியவற்றைத் தொகுத்துரைப்போம். குறிக்கோளின் அளவை இல்லத்தின் அளவு நோக்கி வகுத்தல் வேண்டும். ஓட்டத்திற்கு உரிய பொழுதை வீட்டாரைக் கேட்டு வாங்குதல் வேண்டும்; அப்பொழுது முடிந்தபின் உள்ளத்தையும் இல்லத்திற்கே கொடுத்தல் வேண்டும். பருவம் நோக்கிக் கூட்டியும் குறைத்தும் ஓடுதல் வேண்டும். விடத்தகாதது இன்னதென்று முன்னரே தெளிதல் வேண்டும். வழியிடை இன்பங்களைத் தவற விடாதிருத்தல் வேண்டும்.

மாணவ நண்பர்களே! நாம் இன்று கல்லூரி விளையாட்டிடத்தில் கவலையின்றி ஓடுகின்றோம். நமக்குச் சோறு ஆக்குவோரும், துணி வெளுப்போரும், கட்டணம் அனுப்புவோரும் பிறராதலின் நம் ஓட்டம் இன்று தன்வினை மட்டுமே. சில ஆண்டுகளில் நாமும் குடும்பத்தை ஓட்டும் பொறுப்பை ஏற்போம். அப்போது நாம் ஓடுவதற்கு வைகறையைக் கேட்போம். நம் மனைவியரோ கணவரோ தமக்கென ஒரு பொழுதை வேண்டும்போது அதனை மனமுவந்து அளிக்கவும் இன்றே பழகுவோமாக. விடுமுறைக்கு ஊர் செல்லும்போது, ஒரு காலத்தில் ஓடியவராயும் பாடியவராயும் இருந்த தாயையோ தமக்கையையோ நோக்கி, 'நாளைக் காலை வீட்டு வேலையை நான் பார்த்துக்கொள்கிறேன். நீங்கள் போய் வாருங்கள்' என்று சொல்லிப் பாருங்கள். அதுவே அப்பழக்கத்தின் தொடக்கமாகும்.